கேட்காமல் வந்த சாட்சி

ரிக்பாக், போலந்து
2 ஜூன் 1946

மாட்லா,

நான் கெட்ஸல். உன் புருஷன் லெய்ஸரின் அண்ணன். ஸாபோல் ஊரில் குதிரை வண்டி ஓட்டிய கெட்ஸல். உயிரோடு இருக்கிறேன்.

நீயும் இருக்கிறாய் என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஊசி நூல் விற்கிற ஒருவன் ஜெர்மனியிலிருந்து வந்தான். பவேரியாவில் ஒரு முகாம், அங்கே தையல் அறையில் ஸாபோல்காரி ஒருத்தி இருக்கிறாள், பெயர் மாட்லா, யாரோடும் அதிகம் பேச மாட்டாள் என்றான். சந்தை நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிழவனுக்கு மயக்கம் என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மயக்கம் இல்லை. 

இன்னொரு சேதி. கையில் இருக்கும் இந்தக் காகிதத்தை நன்றாகப் பார். நான் சொல்ல இன்னொருவர் எழுதியது இல்லை. நானே எழுதுகிறேன். என் கையால். அறுபத்துநான்கு வயதில்! ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும். குளிர்ந்த தேநீர் இவ்வளவு ருசி என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

முப்பத்தொன்பதில் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனேன் அல்லவா, பெஸ்யாவும் அவள் அக்காவைப் பார்க்க வண்டியில் ஏறிக்கொண்டாள். நாங்கள் திரும்புவதற்குள் ஆறே எல்லையாகிவிட்டது, உங்கள் பக்கம் ஜெர்மானியர், எங்கள் பக்கம் ரஷ்யர். ரஷ்யர்கள் எங்களை ரயிலில் ஏற்றி சைபீரியாவில் மரம் வெட்ட அனுப்பினார்கள். பிறகு உஸ்பெக் நாட்டில் பருத்திக் காடு. அங்கே பெஸ்யாவைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வெயிலில் வெந்த மண்ணில் அவளை வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பருத்திக் காட்டில்தான் எழுத்து வந்தது. வார்ஸாவில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு அம்மாள் எங்களோடு இருந்தார். அவருக்கு நான் தண்ணீர் சுமந்து கொடுத்தேன். அவர் மண்சுவரில் கரியால் எழுதிக் காட்டினார். "கெட்ஸல், உம்ம எழுத்து குடிச்சிட்டு நடக்குது, கொஞ்சம் நேரா நிக்கச் சொல்லும்" என்பார். நம் யூத எழுத்துகளில் லாமெத் என்ற எழுத்துதான் எனக்குப் பிடித்தது. மற்றவை எல்லாம் குனிந்து நிற்க, அது மட்டும் வரிசைக்கு மேலே கழுத்தை நீட்டும், வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் குதிரை மாதிரி. லெய்ஸரின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. அதை எழுதி எழுதியே ஒரு சுவர் முழுக்கக் கரியாக்கிவிட்டேன்.

லெய்ஸர் எங்கே? குழந்தை ஹின்டா எங்கே? அவளுக்கு இப்போது பதினொன்று ஆகியிருக்கும். எழுது, மாட்லா. இப்போது என்னால் படிக்கவும் முடியும்.

கெட்ஸல்


பவேரியா முகாம்
24 ஜூன் 1946

கெட்ஸல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதியவர் யாரென்று எனக்கு நிச்சயமில்லை. எனக்குத் தெரிந்த கெட்ஸல் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வட்டம் போட்டவர். ஜெபக்கூடத்தில் பக்கத்து ஆள் புத்தகத்தில் தாளைத் திருப்பும்போது தானும் திருப்பியவர். இப்போதெல்லாம் உறவு என்று சொல்லிக்கொண்டு பலர் எழுதுகிறார்கள். சிலர் உணவுப் பொட்டலம் கேட்கிறார்கள், சிலர் பாவம், யாராவது ஒருவர் தங்களுடையவராக இருந்தால் போதும் என்று எழுதுகிறார்கள்.

நீங்கள் அவர்தான் என்றால், என் கல்யாணத்தன்று ஆலைப் பாலத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

நீங்கள் அவராகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். லெய்ஸர் இல்லை. நாற்பத்துமூன்று பிப்ரவரியில், காட்டில், பனிக்கு நடுவே சுட்டார்கள். உருளைக்கிழங்கு தேடிப் போனார். நானும் இன்னும் இரண்டு பேரும் குழி தோண்டினோம். மண் கல்லாக இருந்தது. ஆழம் போதவில்லை.

ஹின்டாவைப் பற்றி இப்போது எழுத முடியாது.

உங்கள் கடிதத்தில் சந்தோஷம் இருக்கிறது. அது எனக்குத் தாங்கவில்லை. எழுதியவர் நீங்கள்தான் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாட்லா


ரிக்பாக்
10 ஜூலை 1946

மாட்லா,

ஆலைப் பாலத்தில் என் வண்டியின் இடது சக்கரம் கழன்றது. நீ கல்யாணத் துணியோடு என் மேல் விழுந்தாய். உன் அத்தை யாஹ்னே தேன் கேக்கை மடியில் வைத்தபடி பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கை கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள். "மொதல்ல கேக்கைத் தூக்குடா, மடையா! அப்புறம் என்னைத் தூக்கு!" கேக்கைத் தூக்கினேன். அவளைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். லெய்ஸர் மாப்பிள்ளை உடையில் ஓடிவந்து, "அண்ணே, என் கல்யாணத்துக்கு வேற சக்கரமே கிடைக்கலியா உனக்கு?" என்றான். போதுமா? நான்தான்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் என் தம்பிக்காக அழுதேன். எழுதும்போது அவன் ஓடிவந்துகொண்டிருந்தான். முற்றுப்புள்ளி வைத்ததும் நின்றுவிட்டான்.

குழி ஆழம் போதவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த மாதத்தில் அந்த மண்ணை நீ தோண்டியதே பெரிது.

என் சந்தோஷம் உன்னைக் குத்தியது என்றால் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்கு இனி பெஸ்யா இல்லை, குதிரை இல்லை, ஊர் இல்லை. புதிதாக வந்தது இந்த எழுத்து ஒன்றுதான். அது வரும்போது முகத்தைச் சுளிக்க எனக்குத் தெரியவில்லை.

ஹின்டாவைப் பற்றி முடிகிறபோது எழுது. நான் காத்திருப்பேன்.

கெட்ஸல்


பவேரியா முகாம்
28 ஜூலை 1946

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள்தான். யாஹ்னே அத்தையின் கேக்கை இந்த உலகத்தில் இன்னும் இரண்டு பேர் நினைவில் வைத்திருக்கிறோம்.

இதை ஒரே மூச்சில் எழுதுகிறேன். நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன். நாற்பத்திரண்டு அக்டோபரில் ஸாபோலிலிருந்து நம்மவர்கள் எல்லாரையும் ஜெர்மானியர் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஆற்றோரக் கிராமத்தில் பெலாஜியா என்று ஒரு விதவை, எங்களிடம் பால் விற்பவள், ஹின்டாவை வைத்துக்கொள்கிறேன் என்றாள். அக்காள் மகள் என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. சிலுவை போட்டுக்கொள்ள ஹின்டாவுக்கு ஒரு மாலை முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் இருந்த பெயர்கள் ஒன்றையும் சொல்லாதே, எல்லாவற்றையும் மறந்துவிடு என்றேன். "உன் பேரையுமா?" என்றாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்தியது நான்தான், பெலாஜியா இல்லை.

நாற்பத்துநான்கில் ரஷ்யர்கள் வந்ததும் காட்டிலிருந்து நேராக அங்கே போனேன். புகைபோக்கி மட்டும் நின்றது. சுற்றிலும் காஞ்சொறி முளைத்திருந்தது. கதவுகளைத் தட்டினேன். ஒரு பெண் ஜன்னல் வழியாக, "யாரும் இல்ல, எரிஞ்சுபோச்சு, ரெண்டு பேரும் போயிட்டாங்க, நீயும் போயிடு" என்றாள். நான் போய்விட்டேன். எப்போது என்று கேட்கவில்லை. அன்று அந்தக் கேள்விக்கு அர்த்தமே இருக்கவில்லை.

இன்று இருக்கிறது. அத்தான், இங்கே நோசன் என்று ஒருவர் இருக்கிறார். முகாமில் ரொட்டி சுடுகிறவர். அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம். மெல்போர்னில் இருக்கும் அவர் தங்கை அவருக்கும் மனைவிக்கும் நுழைவு அனுமதி வாங்கியிருக்கிறாள். மார்ச்சில் கப்பல்.

முகாமில் மதச் சட்டம் சொல்லும் ரபியிடம் போனோம். லெய்ஸர் இறந்ததற்கு, குழி தோண்டிய இரண்டு பேரும் சாட்சி சொன்னார்கள். பிறகு கேட்டார்:

"குழந்தைங்க உண்டாம்மா?"

"ஒரு பொண்ணு."

"இருக்காளா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இதைக் கேக்குறதுக்கு மன்னிச்சுக்கோ. அப்பாவுக்கு முந்தியா, பிந்தியா?"

அவர் கொடியவர் இல்லை.  சட்டம் இதுதான். அப்பா போகும்போது மகள் உயிரோடு இருந்தால் நான் வெறும் விதவை, யாரையும் கட்டிக்கொள்ளலாம். அவள் முந்திப் போயிருந்தால் லெய்ஸர் பிள்ளையில்லாமல் இறந்தவர் ஆகிறார். அப்போது நான் அவர் சகோதரனுக்கே உரியவள், அந்தச் சகோதரன் விடுவித்தால்தான் வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம். எது என்று தெரியாவிட்டாலும் விடுவித்தே ஆக வேண்டும். மூன்று நியாயாதிபதிகள் முன்னால் நீங்கள் வலது காலில் இந்தச் சடங்குக்கென்றே உள்ள தோல் செருப்பைப் போட்டு நிற்க வேண்டும். நான் வாரை அவிழ்த்து அதைக் கழற்றி, உங்கள் முன்னால் தரையில் துப்ப வேண்டும். இதற்குக் கடிதம் போதாது, நீங்கள் நேரில் வர வேண்டும். செக் எல்லை வழியாக ஆட்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வாருங்கள், அத்தான். எனக்கு வேறு யாரும் இல்லை கேட்பதற்கு.

மாட்லா


ரிக்பாக்
11 ஆகஸ்ட் 1946

மாட்லா,

உன் கடிதத்தைப் படிக்க வெகுநேரம் ஆனது. சில சொற்களை வேகமாகப் படிக்க முடிந்தாலும் நான் அப்படிப் படித்திருக்க மாட்டேன்.

நோசன் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ரொட்டி சுடுகிறவன் விடியும் முன்னே எழுந்திருப்பான், அப்படிப்பட்டவன் வீணாகப் பேச மாட்டான். நீ கல்யாணம் செய்துகொள். லெய்ஸரும் அதைத்தான் சொல்வான். உன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஆனால் செருப்புக்கு நான் வர மாட்டேன்.

இங்குள்ள ரபியிடம் அந்தச் சடங்கைப் பற்றி விவரமாகக் கேட்டேன். நீ துப்புவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உன்னைப் பாலத்தில் கவிழ்த்த நாளிலிருந்து உனக்கு அந்த ஆசை இருந்திருக்கும். ஆனால் அங்கே நான் நிற்பதற்கு என்ன அர்த்தம்? என் தம்பிக்குப் பெயர் சொல்ல ஒருவரும் இல்லை என்று அர்த்தம். இருக்கிறாளே. அவள் பெயர் ஹின்டா. ஒரு ஜன்னலிலிருந்து ஒரு பெண் சொன்ன சொல்லை வைத்து அவளை நான் எப்படி இல்லை என்பது? அவளை யாராவது வேறு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். மடத்தில் இருக்கலாம். இந்த ஊருக்கு வாரந்தோறும் அப்படி ஒரு குழந்தை வருகிறது. நானே பார்க்கிறேன்.

நான் சம்மதித்தால் அவளை என் காலாலேயே புதைத்த மாதிரி. கேட்காதே.

கெட்ஸல்


பவேரியா முகாம்
25 ஆகஸ்ட் 1946

அத்தான்,

நீங்கள் நம்பிக்கையோடு இருக்கிறீர்கள். உங்களுக்கு அதற்கு வசதி இருக்கிறது. நீங்கள் அந்தப் புகைபோக்கியின் முன்னால் நின்றதில்லை. காஞ்சொறிக்குள் கையை விட்டுத் தேடியதில்லை. என் கைகள் தோள்வரை கொப்பளித்திருந்தன. எதைத் தேடினேன் என்று கேட்காதீர்கள்.

மடத்தில் இருக்கலாம் என்கிறீர்கள். நான் எத்தனை மடத்து வாசலில் நின்றேன் தெரியுமா? நீங்கள் ஒரு தம்பி மகளை உயிரோடு வைத்திருக்கிறீர்கள். அவளுக்குப் பதிலாக என்னைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். எனக்கு முப்பத்தாறு வயது.

செருப்பில்லாமலே கட்டிக்கொள்ளலாம் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நகராட்சியில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதுமாம். நோசன் மாவைப் பிசைகிறார். ஆனால் எனக்குத் தெரியும், சந்தேகத்தின் மேல் போட்ட பந்தலில் நாளை ஒரு குழந்தை பிறந்தால் அதைப் பற்றியும் குசுகுசுப்பார்கள். இன்னொரு குழந்தையையும் ஒளித்து வளர்க்க என்னால் முடியாது.

எழுதக் கற்றுக்கொண்டு, முதலில் எழுதியது 'மாட்டேன்' என்ற சொல்தானா?

மாட்லா


ரிக்பாக்
8 செப்டம்பர் 1946

மாட்லா,

நீ எழுதியது சரி. நான் அங்கே நின்றதில்லை. அதனால் போகிறேன்.

ரபியிடம் சொன்னேன். ஒரு கண் தெரியாது அவருக்கு, தெரிகிற கண்ணால் இரண்டு மடங்கு பார்ப்பார்.

"கெட்ஸல், அங்க போய் என்ன பண்ணப் போறீர்?"

"வீடு வீடாப் போய்க் கேப்பேன்."

"கேட்டா கெட்டுச்சு. நீர் கேட்டு அவங்க பதில் சொன்னா, அந்தச் சொல்லை நான் ஏத்துக்க முடியாது. உமக்குப் பிடிச்சதைச் சொல்லியிருப்பாங்க, இல்லன்னா பிடிக்காததைச் சொல்லியிருப்பாங்க. நம்மவர் அல்லாதவர் சொல் செல்லணும்னா, அவங்களே, வேற பேச்சுக்கு நடுவுல, தன் போக்குல சொல்லணும். நீர் வாயைத் திறக்கக் கூடாது."

"ரபி, நான் குதிரைகிட்டகூடப் பேசிக்கிட்டே போறவன்."

"தெரியும். அதான் பயமா இருக்கு" என்றார்.

என் குதிரைகளுக்கு லாடம் அடித்த கொல்லன் வாலென்டி இன்னும் பெலாஜியாவின் கிராமத்தில் இருக்கிறானாம். இங்கே நம்மவர்கள் நடத்தும் கூட்டுறவுப் பண்ணைக்குக் குதிரை வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். பொய்யும் இல்லை, பண்ணைக்குக் குதிரை வேண்டும்தான்.

அவள் உயிரோடு இருந்தால் கூட்டி வருவேன். இல்லையென்று தெரிந்தால், உனக்கு என்ன தேவையோ அதைச் செய்வேன். செருப்பு என்றால் செருப்பு.

கெட்ஸல்


பவேரியா முகாம்
20 செப்டம்பர் 1946

அத்தான், போகாதீர்கள்.

ஜூலையில் கீல்ட்ஸே நகரத்தில் நம்மவர்களை எப்படி அடித்துக் கொன்றார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? ரயிலிலிருந்து இறக்கிக் கொல்கிறார்கள் என்று நேற்று வந்தவர்கள் சொன்னார்கள். உங்கள் தாடியும் உங்கள் பேச்சும் ஒரு ஸ்டேஷன் தாண்டாது.

செருப்பு வேண்டாம். கல்யாணமும் வேண்டாம். நோசனிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார், ஆனால் அன்று ரொட்டி எல்லாம் கருகிப்போனது.

நான் கோபத்தில் எழுதியதை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். எனக்கு எழுத இருக்கிற ஒரே ஆள் நீங்கள். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும் முன் கிளம்பியிருந்தால், நான் என்ன செய்வேன்?

மாட்லா


ரிக்பாக்
13 அக்டோபர் 1946

மாட்லா,

திரும்பி வந்துவிட்டேன். உன் கடிதம் கதவிடுக்கில் எனக்காகக் காத்திருந்தது. முழுசாக இருக்கிறேன், முதலில் அதைப் படித்துக்கொள். அடுத்ததைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். நோசனைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்.

ரயிலில் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டேன், பல்வலிக்காரன் மாதிரி. தாடியும் மறைந்தது, பேசாமல் இருக்கவும் சாக்கு கிடைத்தது. எதிரில் இருந்த ஒரு கிழவி கிராம்பு கொடுத்தாள். வலியில்லாத பல்லில் கிராம்பை வைத்துக்கொண்டு வழி முழுக்க முனகினேன்.

வாலென்டி என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டான். "அடேய் கெட்ஸலா! உன்னை எந்த மண்ணோ தின்னிருக்கும்னு நெனச்சேன்டா!"

"சைபீரியா மண்ணு கடிச்சுப் பாத்துச்சு. பல்லு ஒடஞ்சுபோச்சு" என்றேன்.

பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். லாடத்தைப் பற்றிப் பேசினான், வரியைப் பற்றிப் பேசினான், ஜெர்மானியர் கொண்டுபோன குதிரைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழுதான். அவன் தோளுக்குப் பின்னால், வாசல் வழியாக அந்தப் புகைபோக்கி தெரிந்தது. பக்கத்தில் ஒரு செர்ரி மரம், ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் இலையோடு. என் நாக்கு வாய்க்குள் கட்டிப்போட்ட நாய் மாதிரி இழுத்தது. கேட்கவில்லை. மாட்லா, என் வாழ்நாளில் நான் இழுத்த எந்தப் பாரமும் அவ்வளவு கனமில்லை.

மறுநாள் ஒரு பெட்டைக் குதிரையைப் பார்க்க, பெலாஜியாவுக்கு அடுத்த வீட்டு ஜெனோவெஃபாவிடம் கூட்டிப் போனான். நீ பார்த்த ஜன்னல் அதுவாகத்தான் இருக்கும். அவளுக்கு என்னைத் தெரியாது, அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டி வந்தவள். மேசையில் ரொட்டியும் செர்ரிப் பழப்பாகும் வைத்தாள். வாலென்டி, "இவன் நம்ம பழைய ஆளு, வண்டிக்கார கெட்ஸல்" என்றான்.

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள்.

"கெட்ஸலா? அது எங்க சேவலு பேராச்சே!"

"என்னடி உளர்றே?" என்றான் வாலென்டி.

"அட, பெலாஜியா வீட்டுல ஒரு குட்டி இருந்தாளே, அக்கா பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு. யாரை ஏமாத்துனா? எங்களுக்குத் தெரியாதா அது யாரு பிள்ளைன்னு. என் சேவலுக்கு அவதான் பேரு வச்சா. கெட்ஸல், கெட்ஸல்னு வேலியோரம் நின்னு கூப்பிடுவா. பெலாஜியா ஓடிவந்து வாயைப் பொத்துவா. அந்தச் சேவலும் ஒன்னை மாதிரிதான், கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கும்."

நான் ரொட்டியைக் கடித்தேன். வாய் காலியாக இருந்தால் பேசிவிடுவேன்.

"இந்தப் பாகுகூட அவங்க மரத்துல இருந்து கீழ விழுந்த பழந்தான். அதுல இப்ப யாரும் ஏற மாட்டாங்க. கடைசியா ஏறுனது அவதான். உச்சிக் கிளையில போயி உக்காந்துக்குவா. 'எறங்குடி, விழுந்து சாகப்போறே'ன்னு பெலாஜியா கீழ நின்னு கத்துவா. வாயி, கன்னம், காதுவரைக்கும் செவப்பு. கொட்டையை எங்க கூரை மேல துப்புவா. நான் திட்டுனா இன்னொண்ணு துப்புவா."

வாலென்டி அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தான். "போதும் விடு" என்றான்.

"என்ன போதும்? அந்த அறுவடை முடிஞ்ச கையோடதானே வந்து கொளுத்துனானுங்க. ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ளயே வச்சு. யாரோ போயிச் சொல்லியிருக்கான்." அவள் குரல் தணிந்தது. "நல்ல பொம்பள பெலாஜியா."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அந்த மேசையில் அது தெரிந்தவர்கள் இருந்தார்களோ என்னவோ. என் பெயரைக் கூப்பிட்டதால் அவளுக்குக் கேடு வந்ததா என்றும் கேட்கவில்லை. அதை ரபி தடுத்ததால் அல்ல.

குதிரையை விலை பேசி முடித்தேன். அதோடு வெளியே வந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மெல்ல மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பதுபோல, எனக்குப் புரிந்தது. நீ அவளை விட்டது அக்டோபரில். அக்டோபரில் செர்ரி ஏது? அவள் மரத்தில் ஏறி உட்கார்ந்தது அடுத்த வருடம் கோடையில். அதற்கு முன்பே, பனியில், லெய்ஸர் போய்விட்டான்.

ரபியிடம் வந்து எல்லாவற்றையும், சேவல் உட்பட, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவரோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். "நீர் கேக்கலியே? ஒரு சொல்லும் கேக்கலியே?" என்று மறுபடி மறுபடி கேட்டார். இல்லை என்றேன். அவர் தெரிகிற கண்ணையும் மூடிக்கொண்டார். "அப்ப தகப்பன் போனப்போ மக இருந்தா. அந்தப் பொண்ணுக்குச் செருப்பு தேவையில்ல" என்றார். உங்கள் ரபிக்குக் காகிதம் அனுப்புகிறார்.

நீ விடுதலை, மாட்லா. உன்னை விடுவித்தது நான் இல்லை. உன் மகள்.

ரபியின் காகிதத்தில் வேறு ஒருவர் எழுதட்டும் என்றார்கள். உனக்கு நான்தான் எழுத வேண்டும் என்றேன். இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லை இவ்வளவு நேரம் எழுதாமல் சுற்றிவந்தேன். ஒரு மத்தியானம் முழுக்கப் பேனாவைக் கையில் வைத்திருந்தேன். எல்லா எழுத்தும் எனக்குத் தெரியும். ஹின்டா இறந்துவிட்டாள். எழுதிவிட்டேன்.

கெட்ஸல்


பவேரியா முகாம்
3 நவம்பர் 1946

அன்புள்ள அத்தானுக்கு,

ரபியின் காகிதமும் உங்கள் கடிதமும் ஒரே நாளில் வந்தன. நான் முதலில் உங்களுடையதைத்தான் பிரித்தேன். நீங்கள் சொன்னபடி நோசனைக் கூப்பிட்டேன். கையெல்லாம் மாவோடு வந்து நின்றார். நான் சத்தமாகப் படித்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில் நீங்கள் பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறீர்கள் என்று பின்பக்கத்தில் விரலால் தடவினால் தெரிகிறது.

உங்கள் பெயரால் அவளுக்குக் கேடு வந்ததா என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. நான் எல்லாப் பெயரையும் மறக்கச் சொன்னேன். அவள் ஒன்றை மட்டும் என் பேச்சைக் கேட்காமல் வைத்துக்கொண்டாள். அதை ஒரு சேவலுக்குக் கொடுத்து, தினமும் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த வீட்டில் அவள் பயந்து ஒடுங்கிக் கிடந்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். கூரை மேல் கொட்டை துப்பினாள் என்று எனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

கல்யாணம் இந்த மாதம் இருபத்தாறாம் தேதி. வாருங்கள். செருப்புக்காக இல்லை. என் பக்கத்தில் நிற்க என் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். எல்லை தாண்டும்போது பல்வலி வேண்டாம், இந்தப் பக்கம் ஆட்கள் நம்மவர்களே.

துக்கத்தைப் பற்றி ரபியிடம் கேட்டேன். புதிதாக வந்த சாவென்றால் ஏழு நாள் தரையில் உட்காரலாம். இவ்வளவு பழைய சேதிக்கு ஒரு மணி நேரம்தான் என்றார். காலணியைக் கழற்றி ஒரு மணி நேரம் உட்கார், பிறகு எழுந்துவிடு, அதற்கு மேல் சட்டம் இல்லை என்றார். "ஒரு மணி நேரமா?" என்றேன். "நான் எழுதின சட்டம் இல்லம்மா" என்றார். அவரும் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்.

நேற்று மத்தியானம் உட்கார்ந்தேன். நோசன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, யாரும் உள்ளே வராதபடி வெளியே வாசலில் உட்கார்ந்துகொண்டார். நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி முடிந்ததும் அவர் மெல்லக் கதவைத் தட்டினார். "மாட்லா, எந்திரிக்கலாம். நேரமாச்சு."

"இன்னும் இல்ல," என்றேன். "அவ இன்னும் மரத்தை விட்டு எறங்கலை."

அவர் மறுபடியும் வாசலில் உட்காரும் சத்தம் கேட்டது.

மாட்லா